ஜெனியின் கூடைப்பந்தை நிறுத்தப் போன விவரம்

காலடிப்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

கர்த்தருக்குள் பிரியமான பெர்சிஸ் அக்காவுக்கும் மதிப்புக்குரிய அத்தானுக்கும் தம்பி லியோனார்ட் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ரோஸ்மேரியும் மகள் ஜெனியும் தேவ கிருபையால் நலமாக இருக்கிறோம். என் இடது தோள்பட்டை மட்டும் நலமாக இல்லை. அதன் காரணம் கடிதத்தில் உரிய இடத்தில் வரும். நாசரேத்தில் உங்கள் இருவரின் உடல்நிலையும், முக்கியமாக அத்தானின் சர்க்கரையும், கட்டுக்குள் இருக்க ஜெபிக்கிறோம். கையில் போனை வைத்துக்கொண்டு இவன் ஏன் காகிதம் வாங்கி எழுதுகிறான் என்று நீ கேட்பாய். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய் அக்கா. போன தடவை நான் மனசு விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு ஆண்குரல், "அதெல்லாம் விடப்புடாது தம்பி, கண்டிச்சி வையும்" என்றது. அது அத்தானின் குரல் இல்லை. பால் ஊற்ற வந்தவர் என்று பிறகு நீயே சொன்னாய்.

குடும்ப வாட்ஸப் குழுவில் ஜெனி அரை டவுசரும் பனியனுமாகப் பந்தோடு நிற்கிற படத்தைப் பார்த்த அன்றைக்கே நீ கூப்பிட்டாய். "ஏலே, பொம்பளப் பிள்ளைய இப்பிடியால ஓட விட்டிருக்க. கருத்துப் போவா, முட்டி போவும், அடுத்த வருசம் பத்தாவது, படிப்பும் போவும். நாளைக்கே போயி நிப்பாட்டிட்டு வா" என்றாய். நானும் சரி அக்கா என்றேன். சொன்னபடி மறுநாளே போனேன். போன இடத்தில் நடந்ததையும், அதிலிருந்து போன வெள்ளிக்கிழமை வரை நடந்ததையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நீ சொல்வதற்கு முன்பிருந்தே எனக்கும் இந்த விளையாட்டின் மேல் மனத்தாங்கல்தான் என்பதை நீ நம்ப வேண்டும். நம் வீடு கடைக்கு மேல் மாடியில்தான் என்பது உனக்குத் தெரியும். கீழே கடையில் பிளாஸ்டிக் வாளி, குடம், முறம் எல்லாவற்றையும் கூரையில் கொக்கி மாட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். குதித்துவிட்டு இறங்கும்போது சத்தம் வரக்கூடாது, இரண்டு காலும் சேர்ந்து முட்டியை மடக்கி மெத்தென்று இறங்க வேண்டும், அப்போதுதான் முட்டி கெடாது என்று கோச் சொல்லிக்கொடுத்தாராம். நல்ல பாடம்தான். ஆனால் மெத்தென்று இறங்கப் பழகும்வரை பிள்ளை தொம்மென்றுதானே இறங்கும். அவள் மாடியில் இறங்க இறங்க, கீழே கொக்கிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. டீ வடிகட்டிக்கு விலை பேசிக்கொண்டிருந்த ரமாபாய் அம்மாள் தலையில் ஒரு குளியல் வாளி அப்படியே கவிழ்ந்தது. அந்த அம்மாள் பதறவில்லை. வாளிக்குள்ளிருந்தபடியே, "இன்னாப்பா, கட நட்த்துறியா, சர்க்கஸ் நட்த்துறியா" என்று கேட்டார்கள். வடிகட்டியை நான் சும்மாவே கொடுத்தனுப்பினேன். அதற்கடுத்து இடது கை வந்தது. வலது கையை மட்டும் நம்பி ஆடினால் எதிராளி அந்தப் பக்கத்தை அடைத்துவிடுவார்களாம். அதனால் பல் விளக்குவதிலிருந்து கதவு திறப்பதுவரை எல்லாவற்றையும் இடது கையால் செய்து பழகு என்று உத்தரவு. சனிக்கிழமை மாலை கல்லாவில் உட்கார்ந்த ஜெனி, ஒரு பெரியவருக்கு மீதிச் சில்லறையை இடது கையால் நீட்டினாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். "அங்கிள், என் லெஃப்ட் வீக்கு, அதான்" என்று இவள் விளக்கம் சொன்னாள். அவர் வாங்கின தண்ணீர் டிரம்மை அங்கேயே வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். கோவிலில் காணிக்கைப் பையை இடது கையால் வாங்கிய விவரத்தைப் போதகர் ரோஸ்மேரியிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

ஆகவே நீ கூப்பிட்டதற்கு மறுநாள் விடிந்ததும் ஜெனியின் பின்னாலேயே மைதானத்துக்குக் கிளம்பிவிட்டேன். கடலுக்கும் எண்ணூர் நெடுஞ்சாலைக்கும் நடுவில் இருக்கிற இடம். தரை சிமென்ட், கூடை மாட்டின இரும்பு வளையம் உப்புக்காற்றில் துருப்பிடித்து, பந்து பட்டால் பொடியாக உதிர்கிறது. ஒரு பக்கம் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. பிள்ளைகள் அந்தப் புழுதியிலும் காற்றிலும்தான் பந்தைப் போடுகின்றன. கோச் என்றால் பெரிய மீசை வைத்த ஆளாக இருக்கும், இரண்டு வார்த்தை கறாராகப் பேசிவிட்டு வரலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அங்கே விசிலோடு நின்றது வினிதா என்று ஒரு சின்ன வயசுப் பெண். காத்திவாக்கத்தில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிற குடும்பமாம். காலையில் இந்தப் பிள்ளைகளைப் பழக்கிவிட்டு, அப்படியே ஒரு அலுவலகத்துக்கு வேலைக்குப் போகிறவள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேடம், நான் ஜெனியோட அப்பா. ஒரு விசயம் பேசணும்" என்றேன்.

அவள் என்னைக் காலிலிருந்து தலைவரை அளந்தாள். "இன்னா சார், இம்மாம் ஒயரமா கீறீங்க" என்றாள்.

"எங்க குடும்பமே அப்பிடித்தான். நான் வந்தது எதுக்குன்னா..."

"கடைல ஒட்டடக் கம்பு கீதா சார்?"

அக்கா, உனக்குத் தெரியும். கடைக்காரனிடம் ஒரு சாமான் இருக்கிறதா என்று யாராவது கேட்டுவிட்டால், அவன் வந்த வேலை மறந்துவிடும். "இருக்கு. மூங்கில்ல இருக்கு, இழுத்து நீட்டுற அலுமினியத்துலயும் இருக்கு" என்றேன்.

"நீட்டுறதயே எத்துனு வாங்க. நாளிக்கி காலீல வந்துருங்க. உங்க விசயத்த அப்பால பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதிக்கொண்டு ஓடிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ரோஸ்மேரி, "நிப்பாட்டிட்டியளா?" என்று கேட்டாள். "இல்ல, ஒட்டடைக் கம்பு கேக்காவ" என்றேன். அவள் மறுபடி மீன் உரச ஆரம்பித்தாள்.

கம்பு எதற்கென்றால், வட்டாரப் போட்டியில் இவர்கள் மோதவேண்டிய ஒரு பள்ளியில் பனைமரம் போல ஒரு பிள்ளை இருக்கிறதாம். அந்தப் பிள்ளை கையை உயர்த்தினால் பந்து தாண்டாதாம். அந்தக் கைக்கு மேலே எறிந்து பழக வேண்டும். அதற்கு இந்த மைதானத்தில் உயரமான ஆள் கிடையாது. அதனால் நான் கூடைக்கு முன்னால் நின்று கம்பை நீட்டிப் பிடிக்க வேண்டும், பிள்ளைகள் அதற்கு மேலாகப் போட வேண்டும். ஒரு நாள்தானே, முடிந்ததும் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று போய் நின்றேன். அந்த ஒரு நாள் வாரக்கணக்காக நீண்டது. பந்து கம்பில் பட்டது கொஞ்சம், என் மேல் பட்டது அதிகம். இடது தோள்பட்டை போனது இப்படித்தான். பிள்ளைகள் எனக்கு ஒட்டடை அங்கிள் என்று பெயர் வைத்துவிட்டன. தோள் வலிக்காத மாதிரி நான் அசையாமல் நின்றால் வினிதா, "சார், சொம்மா கொடிக்கம்பம் மாதிரி நிக்காதீங்க, பாப்பா மூஞ்சிக்கு நேரா ஆட்டுங்க" என்பாள். நான் என் மகளின் முகத்துக்கு நேராக ஒட்டடைக் கம்பை ஆட்டினேன். எந்தத் தகப்பனுக்கும் இந்த வேலை வரக்கூடாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்தப் பெண் சொல்லிக்கொடுக்கிற விதம் நன்றாக இருந்தது. ஜெனி பந்தை விட்டதும் கையைச் சட்டென்று மடக்கிவிடுவாள். வினிதா அவளைத் தனியாக நிறுத்தி, "வல வீசுறத பாத்துக்கிறியா நீ? வீசிட்டு கைய ஒடனே இஸ்த்துக்குவாங்களா? வல போய் தண்ணில வுழுற வரிக்கும் கை அங்கியே நிக்கும். நீயும் பந்து போய் சேர்ற வரிக்கும் கைய அங்கியே வுடு" என்றாள். அன்றைக்கு ஜெனி விட்ட பந்து கம்பின் நுனிப் பஞ்சைத் தடவிக்கொண்டு போய் வளையத்துக்குள் இறங்கியது. நான் கம்பைக் கீழே போட்டுக் கை தட்டிவிட்டேன். வினிதா என்னைத் திட்டினாள்.

தினமும் பயிற்சி முடிந்ததும் விஷயத்தை எடுக்கத்தான் நினைப்பேன். ஒரு நாள் எடுத்தும்விட்டேன். "மேடம், எங்க அக்கா நாசரேத்துல இருக்காவ, அவிய என்ன சொல்லுதாவன்னா" என்று ஆரம்பிக்கும்போது பந்து மைதானத்தைத் தாண்டி உருண்டு சாலையில் நின்ற லாரிக்கு அடியில் போய்விட்டது. பக்கத்தில் நின்ற பெரியவன் நான்தான். குனிந்து, தவழ்ந்து, கம்பை உள்ளே விட்டுத் துழாவினேன். பந்து இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இரும்புச் சட்டத்தில் மாட்டியிருந்தது. விடிவதற்கு முன்பிருந்து அசையாமல் நின்ற வரிசை அந்த நேரம் பார்த்து நகர ஆரம்பித்தது. நான் வெளியே உருண்டு எழுந்து, டிரைவரைக் கூப்பிட்டுக்கொண்டே, கையில் ஒட்டடைக் கம்போடு நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் ஓடினேன். டிரைவர் என்னை ஏதோ வசூலுக்கு வந்தவன் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினார். எதிரே பைக்கில் வந்தது நம் சபைச் செயலர். நான் கையாட்டினேன், கம்பும் சேர்ந்து ஆடியது. அவர் நிற்காமல் போய், நேராக வீட்டுக்குப் போன் போட்டு, "சிஸ்டர், அண்ணனுக்கு வீட்ல எதுவும் பிரச்சினையா" என்று ரோஸ்மேரியிடம் கேட்டிருக்கிறார். அடுத்த சிக்னலில் லாரி நின்றது. டிரைவர் இறங்கி வந்து பந்தை எடுத்துக் கொடுத்து, தன் பாட்டிலிலிருந்து தண்ணீரும் கொடுத்தார். வீட்டுக்கு வந்தால் ரோஸ்மேரி, "நீங்க நிப்பாட்டப் போறியளா, லாரி பிடிக்கப் போறியளா?" என்றாள். நான் குளிக்கப் போய்விட்டேன்.

இனி எழுதுவதை நீ அத்தானுக்குப் படித்துக் காட்டவேண்டாம், நீ மட்டும் படி. ஜெனி தெருவில் குனிந்துதான் நடப்பாள். நான் கடைக்குள் வாளிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து நடந்து அதுவே பழக்கமாகிவிட்டவன், அதைப் பார்த்து வந்தது என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். வகுப்பில் பையன்கள் அவளை லைட் கம்பம் என்று கூப்பிடுகிறார்களாம். பேருந்தில் நின்றால், மேலே கம்பியில்லாத இடத்தில்கூடத் தலையைச் சாய்த்துக்கொள்வாளாம். இதை எங்களிடம் அவள் சொன்னதே இல்லை, கூட ஆடுகிற பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்தது. ஒரு நாள் நான் தோளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வினிதா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "பாப்பா நிமிந்து நிக்கவே ரொம்ப யோசிக்கிது சார். நான் ஒண்ணியும் சொல்லல. கூடைய பாரு, கூடைய பாருன்னு மட்டும்தான் சொல்லிக்கினு கீறேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் கவனித்தேன். பந்து கையில் இருக்கும்போது ஜெனியின் கழுத்து நேராக நிற்கிறது. தாடை உயர்கிறது. என் முன்னால் நின்று என் தலைக்கு மேல் எங்கேயோ பார்க்கிறாள். அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டு நிறுத்துகிற விஷயத்தை எப்படி எடுப்பது, நீயே சொல் அக்கா. நீயாக இருந்தாலும் கம்பைத்தான் பிடித்திருப்பாய்.

போட்டி வெள்ளிக்கிழமை வண்ணாரப்பேட்டையில் ஒரு பள்ளி மைதானத்தில். கடையைச் சாத்திவிட்டு ரோஸ்மேரியையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பனைமரப் பிள்ளையைப் பார்த்தேன். நிஜமாகவே என் காது உயரம் இருந்தது. பாவம், அதுவும் குனிந்துதான் நடந்தது. ஆட்டம் தொடங்கியதும் அது கையை உயர்த்தியது. நம் ஜெனிக்கு அந்தக் கை ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. ஒட்டடைக் கம்பைவிட அது குட்டைதானே. மேலாகவே போட்டாள், போட்டதெல்லாம் விழுந்தது என்று சொல்ல மாட்டேன், பாதிக்கு மேல் விழுந்தது. ரோஸ்மேரி என் கையைப் பிடித்துக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். கடைசி நேரத்தில் ஒரே ஒரு புள்ளி நாம் பின்னால். ஜெனி பந்தோடு எழும்பியபோது அந்தப் பிள்ளை அவள் மணிக்கட்டில் அடித்துவிட்டது. விசில். இரண்டு எறி ஜெனிக்கு இலவசம். கோட்டில் நின்று, யாரும் தடுக்காமல், நிதானமாகப் போடலாம். ஒன்று விழுந்தால் சமம், இரண்டும் விழுந்தால் வெற்றி. எனக்கு நிம்மதியாகிவிட்டது. கம்புக்கு மேலாகப் போடுகிறவளுக்கு வெறும் இடத்தில் போடுவது எம்மாத்திரம் என்று ரோஸ்மேரியிடம் சொன்னேன்.

முதல் பந்து வளையத்தைத் தாண்டிப் பின்பலகைக்கும் மேலே போனது. இரண்டாவது அதைவிட மேலே போனது. கம்பு அங்கே இருப்பதாகவே நினைத்து எறிந்துவிட்டாள் அக்கா. இத்தனை நாளில் ஒரு நாள்கூட அவள் முன்னால் நான் இல்லாமல் அவள் கூடையைப் பார்த்ததில்லை. ஒதுங்கி நிற்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, வினிதாவுக்கும் தோன்றவில்லை. ஒரு புள்ளியில் தோற்றோம். வினிதா பிள்ளைகளிடம், "தப்பு என்னுது. நான் ப்ரீ த்ரோவ சரியா பழக்கல" என்று சொன்னாள். மற்ற பிள்ளைகள் ஜெனியைக் கட்டிக்கொண்டார்கள். அவள் அழவில்லை. மெட்ரோவில் காலடிப்பேட்டை வந்து இறங்கினோம். வீட்டுப் படியேறும்போது, "இனிமே நான் போவலப்பா. அத்தை சொன்னது கரெக்ட்டுன்னு சொல்லிருங்க" என்றாள்.

ஆக நீ கேட்டது நடந்துவிட்டது. நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. அரை டவுசரைத் துவைத்து மடித்து ரோஸ்மேரி பெட்டியில் வைத்துவிட்டாள். வினிதா இரண்டு முறை போன் செய்தாள், ஜெனி எடுக்கவில்லை. நேற்று முழுக்க அறிவியல் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் பார்த்தவரை பக்கம் திரும்பவில்லை. சில்லறையை வலது கையால் கொடுக்கிறாள். மாடியில் சத்தம் இல்லை, வாளிகள் ஆடாமல் தொங்குகின்றன. இன்றைக்குக் கோவிலுக்குப் போகும்போது முன்னால் நடந்தவளைப் பார்த்தேன், பழையபடி கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நடந்தாள். அதை இங்கே எழுத வேண்டியதில்லை, எழுதிவிட்டேன். நான் சந்தோஷப்பட வேண்டிய நேரம் இது. படுவேன், இரண்டு நாள் ஆகட்டும்.

ஆகையால் அக்கா, இந்த விஷயம் இத்தோடு முடிந்தது, இனி அதைப் பற்றி யாரும் அவளிடம் பேச வேண்டாம். உன் வார்த்தைக்கு நான் எப்போதும் கட்டுப்பட்டவன் என்பதை அத்தானிடம் சொல்லவும். உங்கள் வீட்டு வாசலில் போக்கும் வரத்துமாக இருக்கிற அத்தனை பேர் மேலும் ஆண்டவருடைய கண் இருப்பதாக. கிறிஸ்துமஸுக்கு நீங்கள் இருவரும் இங்கே வந்தே ஆகவேண்டும். மெட்ரோ இப்போது வீட்டுப் பக்கத்திலேயே நிற்கிறது, அத்தான் நடக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உன் சொல் தட்டாத தம்பி,
லியோனார்ட்

பி.கு. இன்று செவ்வாய்க்கிழமை. மேலே கண்டதில் விஷயம் முடிந்தது என்று எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். வேறு தாளில் எழுதலாம் என்றால் தோள் ஒத்துழைக்கவில்லை. நேற்று வினிதா வேலைக்குப் போகிற வழியில் கடைக்கு வந்தாள். ஜெனியைக் கேட்கவில்லை. "பாப்பா வரலன்னா போவுது சார், அது இஷ்டம். நீங்க வந்துருங்க. மத்த பொண்ணுங்களுக்கு நிக்க ஆள் வோணும்" என்றாள். நான் சரி மேடம் என்றேன். இன்று காலை யாரையும் எழுப்பாமல் கம்பை எடுத்துக்கொண்டு இறங்கினால், கடைசிப் படியில் ஜெனி உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறாள். அவளாகவே, "கம்ப அவங்களுக்குப் புடிங்கப்பா. எனக்கு வேணாம். நான் போடும்போது நீங்க ஓரமா நில்லுங்க" என்றாள். மைதானத்தில் அவள் கோட்டில் போய் நின்றாள். முன்னால் யாரும் இல்லை. நான் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓரமாக நின்றேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கட்டிக்கொண்டேன், அவிழ்த்தேன், மறுபடி கட்டிக்கொண்டேன். முதலில் போட்டதெல்லாம் மேலேயே போனது. அவள் போய்ப் பந்தை எடுத்து வருவாள், கோட்டில் நிற்பாள், மறுபடி போடுவாள். வெயில் ஏறின பிறகு ஒன்று விழுந்தது. வளையத்தில் படாமல் விழுந்தது அக்கா. விழுந்ததும் என்னைப் பார்ப்பாள் என்று நினைத்துக் கை தட்டத் தயாராக இருந்தேன். அவள் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை, பந்தை எடுத்துக்கொண்டு மறுபடி கோட்டுக்குப் போய்விட்டாள். அப்போதுதான் எனக்குச் சந்தோஷம் வந்தது.